பெட்டி கட்டிய பிறகுதான் பார்சல் காசு சொல்வேன்

மீன் தொட்டிக்கு வெளியே நின்று தண்ணீரை வடிகட்டும் குடுவை, அதாவது கேனிஸ்டர் பில்டர், பழையது ஒன்றுக்கு விலை வைப்பது சுலபம். புதுசு இன்றைக்கு என்ன விலை, எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, மோட்டார் சத்தம் போடுகிறதா, ரப்பர் வாஷர் இறுகிவிட்டதா, இவ்வளவு பார்த்தால் ஒரு தொகை வந்துவிடும். அதைத் தென்காசிக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு இருநூறு ரூபாய் ஆகும் சார்" என்று பலரும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கூரியர் கடையில் போய் நின்றால் எண்ணூறு கேட்பார்கள். விற்கிறவர் மீதி அறுநூறைத் தன் கையிலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் வாங்குகிறவரிடம் இன்னும் அறுநூறு அனுப்பச் சொல்ல வேண்டும். அதோடு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த நல்ல பேச்சு முடிந்தது. பில்டர் மறுபடியும் பரண் ஏறிவிடும்.

எனக்கு இது பொறுக்காது. நான் இருப்பது சென்னை கொளத்தூர். வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி கட்டி கப்பி, மோலி மீன் வளர்க்கிற குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். இங்கே ஒருவர் தொட்டியை மாற்றினால் பழைய சாமான் நாலு தெரு தாண்டுவதற்குள் விலை போய்விடும். ஆனால் வெளியூரில் புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குகிற காலேஜ் பையனுக்கு நல்ல பில்டர் புதிதாக வாங்கக் கட்டுப்படி ஆகாது. இங்கே பரணில் தூங்குகிற சாமான் அவன் வீட்டில் இன்னும் சில வருஷம் நன்றாக ஓடும். நடுவில் நிற்பது பார்சல் காசு ஒன்றுதான். அதனால்தான் நண்பர்கள் விற்கச் சொல்லிக் கொடுப்பதையும் நானே கட்டி அனுப்புகிறேன். என் விதி ஒன்றே ஒன்று: பெட்டியைக் கட்டி, அளந்து, எடை போட்ட பிறகுதான் பார்சல் காசு சொல்வேன்.

கூரியர்காரர் காசு வாங்குவது வண்டியில் உங்கள் பெட்டி அடைக்கிற இடத்துக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது வால்யூமெட்ரிக் எடை. தராசில் வரும் எடை ஒன்று, இது ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கோ முழுக் கிலோவுக்கோ ஏற்றிவிடுவார்கள். 5000 என்பது எக்ஸ்பிரஸ் பார்சலுக்குப் பரவலாக உள்ள கணக்கு. தரைவழிக்குச் சில கம்பெனிகள் வேறு எண்ணால் வகுக்கும், சில கன அடிக் கணக்கு வைத்திருக்கும். அதனால் கிலோ எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று கேட்டுவிடுவேன். கிலோ ரேட் குறைவாகச் சொல்கிற இடத்தில் வகுக்கிற எண்ணும் சிறியதாக இருந்தால் மொத்தத்தில் காசு கூடிவிடலாம்.

நடுத்தர அளவுக் கேனிஸ்டர் பில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வடித்து, உள்ளே இருக்கும் செராமிக் ரிங்குகளைக் கழுவிக் காயவைத்தால் தராசில் நாலு கிலோ. அதன் பெட்டி 30×30×50. பெருக்கினால் 45,000, வகுத்தால் 9 கிலோ. நாலு கிலோச் சாமானுக்கு ஒன்பது கிலோவின் காசு. பழைய பொருளாயிற்றே, வழியில் உடையக் கூடாதே என்று அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல் கொடுக்கிறீர்கள். அளவு 34×34×54 ஆகிறது. இப்போது பெருக்கினால் 62,424. வகுத்தால் 12.48, அதாவது பன்னிரண்டரைக் கிலோ. இரண்டே சென்டிமீட்டர் தெர்மாகோல் மூன்றரைக் கிலோவைக் கூட்டிவிட்டது. கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய் 750 ஆகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 637 ரூபாய் 885 ஆகிறது. டீசல் ஏற்றத்துக்கு என்று ஒரு கூடுதல் கட்டணம் தனியாக இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி.

பாதுகாப்பைக் குறைத்துக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் காலி இடத்தை முதலில் பயன்படுத்துங்கள் என்கிறேன். பில்டரில் முதலில் உடைவது, தண்ணீரைத் தள்ளும் சுழல் விசிறியான இம்பெல்லரின் செராமிக் ஊசி. அதைக் கழற்றி பபுள் ஷீட்டில் சுற்றி பில்டர் குடுவைக்குள்ளேயே வைத்துவிடுவேன். குழாய், வால்வு, உறிஞ்சி எல்லாமே குடுவைக்குள் போகும். செராமிக் ரிங்கை மட்டும் துணிப் பையில் கட்டி அசையாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் குலுங்கி மற்றதை உடைத்துவிடும். ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. பெட்டியின் அடி நனைந்திருந்தால் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள், அது நியாயம்தான். அடுத்தவர் பார்சலும் அதே வண்டியில்தான் போகிறது.

தெர்மாகோலுக்குக் கொளத்தூரில் பஞ்சமில்லை. மீன் கடைகளுக்கு வெளியூர் மீன் வந்து இறங்குவதே தெர்மாகோல் பெட்டிகளில்தான். மீனை எடுத்த பிறகு பெட்டி மூலையில் கிடக்கும், கேட்டால் தருவார்கள். நல்ல கெட்டி தெர்மாகோல். கழுவி வெயிலில் வைத்துவிட்டுப் பலகையாக அறுத்துக்கொண்டால் மூலைகளுக்கு அதைவிடச் சிறந்த தாங்கல் கிடையாது. அட்டைப்பெட்டிக்கு மட்டும் பாரிமுனைப் பக்கம் போவேன், ஐந்து அடுக்குப் பெட்டி வாங்க. மளிகைக் கடைப் பெட்டி மூன்று அடுக்குதான் இருக்கும், அதிலும் ஏற்கெனவே மடிந்த மூலை. கனமான சாமானுக்கு அது ஆகாது.

பெட்டிகளைச் சில அளவுகளில் மட்டுமே வாங்கி வைத்துக்கொள்கிறேன். 30×20×15 என்றால் 1.8, அதாவது 2 கிலோ. 40×30×25 என்றால் சரியாக 6. 45×45×30 என்றால் 12.15, பன்னிரண்டரையாக ஏறிவிடும். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் இந்த எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுவேன். ஒரு சாமான் கைக்கு வந்ததும் இது ரெண்டா, ஆறா, பன்னிரண்டரையா என்று தெரிந்துவிடும். சில நேரம் ஹேண்டிலையோ ஸ்டாண்டையோ கழற்றினால் ஆறில் அடங்கிவிடும். ஒரு திருகாணியைக் கழற்றியதில் வாங்குகிறவருக்கு நானூறு ரூபாய் மிச்சமானால் அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? ஆனால் டேப் ஒட்டி முடித்த பிறகு பெட்டி நடுவில் உப்பியிருந்தால் உப்பிய இடத்தில்தான் அளக்க வேண்டும். கூரியர் கிடங்கில் மெஷின் அளப்பதும் அங்கேதான். தையல் டேப் வேண்டாம், அது வளைந்துகொள்ளும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்தான் சரி.

எடை போட வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷின் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். சின்னப் பெட்டிக்கு இது துல்லியமாக வராது, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துக் கேட்பேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார்.

தராசு எடை ஜெயிக்கிற சாமான்களும் உண்டு. தொட்டிக்குள் அடுக்கும் கல், மணல், செடி மண். பத்துக் கிலோ கல்லை 30×25×25 பெட்டியில் அடைத்தால் வால்யூமெட்ரிக் கணக்கில் 3.75 கிலோதான், ஆனால் பத்துக் கிலோவுக்குத்தான் கட்ட வேண்டும். கல்லைக் கூரியரில் அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லாரி பார்சல்தான் அதற்கு வழி. எல்இடி லைட் இதற்கு நேர்மாறு. இரண்டடி லைட் தராசில் ஒன்றரைக் கிலோவைத் தொடாது, 65×20×12 பெட்டியில் போட்டால் 3.12, மூன்றரையாக ஏறும். லைட் பெட்டிக்குள் கல்லை வைத்துச் சமன் செய்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கண்ணாடி உறை நொறுங்கிவிடும், செய்யவே கூடாது.

இனி கண்ணாடித் தொட்டி. "அண்ணா, டேங்க் அனுப்புவீங்களா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். 60×30×36 அளவில் ஆறு மில்லிமீட்டர் கண்ணாடித் தொட்டி என்றால் எடையைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ என்பது கண்ணாடிக் கணக்கு. ஆறு மில்லிமீட்டருக்குப் பதினைந்து கிலோ. அடியும் நாலு பக்கமும் சேர்ந்து 0.828 சதுர மீட்டர். ஆக சுமார் பன்னிரண்டரைக் கிலோ. எல்லாப் பக்கமும் ஆறு சென்டிமீட்டர் விட்டுக் கட்டினால் பெட்டி 72×42×48 ஆகும், வால்யூமெட்ரிக் எடை 29 கிலோவைத் தாண்டும். அதே 60 ரூபாய் ரேட்டில் ஜிஎஸ்டியோடு இரண்டாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு அவர்கள் ஊரிலேயே கண்ணாடிக் கடையில் புதுத் தொட்டி ஒட்டித் தந்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, கண்ணாடி உடைந்தால் பொறுப்பில்லை என்று ரசீதிலேயே போட்டிருப்பார்கள். நான் தொட்டியைச் சென்னைக்குள் மட்டும்தான் கொடுப்பேன். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்றால் ஒரு ஆட்டோ. பெரிய தொட்டிக்குக் குட்டி யானை வண்டி. வாங்குகிறவர் கூட வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், அது நிபந்தனை.

கல்லும் மண்ணும் இரும்பு ஸ்டாண்டும் வால்டாக்ஸ் ரோடு லாரி ஆபீசுக்குப் போகும். அங்கே பேச்சு வேறு மாதிரி. எடைக்கு ஒரு ரேட், குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகை, ரசீதுக்குத் தனியாக, ஏற்று கூலி, இறக்கு கூலி தனியாக. பார்சல் போய்ச் சேர்கிற ஊரில் குடோனில் வந்து எடுத்துக்கொள்வதா, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்பதை முதலிலேயே வாங்குகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடோன் டெலிவரி மலிவு, ஆனால் சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் என்று தாமதக் காசு போடுவார்கள். "டு பே" போட்டால் அங்கே கட்டி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடிக்காது. அங்கே போனதும் கூலி அது இது என்று கூட்டிக் கேட்டால் வாங்குகிறவர் மனசு கசந்து போகும். நானே இங்கே "பெய்டு" போட்டு ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். இன்னொன்று, கொளத்தூரிலிருந்து வால்டாக்ஸ் ரோட்டுக்குப் போகிற ஆட்டோ காசும் பார்சல் காசுதான். அதைக் கணக்கில் சேர்த்து வாங்குகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. முன்பு ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுவது எங்களுக்குச் சுலபமான வழி. தென் மாவட்ட பஸ்கள் ஊருக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போன பிறகு வடசென்னையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் ஆட்டோ காசு பார்சல் காசைத் தாண்டிவிடும்.

மீன் தொட்டிக்குள் செடி வளர்க்கிறவர்கள் விற்கிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எங்கேயும் அனுப்பக் கூடாது. அழுத்தத்தில் அடைத்த வாயு, வெயிலில் நிற்கிற வண்டிக்குள் அது என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும். காலி சிலிண்டர் என்று சொன்னாலும் கூரியர்காரர் வாங்கமாட்டார், வாங்கவும் கூடாது. பொய் சொல்லி உள்ளே மறைத்து அனுப்பும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சாமான் ஏற்றி இறக்குகிற பையனின் உயிரோடு விளையாடுகிற காரியம் அது. ரெகுலேட்டரைக் கழற்றி அதை மட்டும் அனுப்புங்கள். பித்தளை, கனமாக இருக்கும், ஆனால் இரண்டு கிலோப் பெட்டியில் அடங்கிவிடும். சிலிண்டரை உள்ளூரிலேயே கொடுத்துவிடலாம். பாதி தீர்ந்த உர பாட்டில், மருந்து பாட்டில் இதையெல்லாம் சும்மா சேர்த்து அனுப்புகிறேன் என்று தாராளம் காட்டவும் வேண்டாம். ஒன்று கசிந்தால் மொத்தப் பெட்டியும் போச்சு.

தூரத்தைப் பொறுத்தவரை பின்கோடு இல்லாமல் நான் வாயைத் திறப்பதில்லை. 6-இல் தொடங்கினால் பெரும்பாலும் தமிழ்நாடு, புதுச்சேரி அல்லது கேரளம், அதுவரை பயமில்லை. வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் எல்லாம் தனி ரேட். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே கூரியர் போகாத கிராமங்கள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தனிக் கட்டணம் போடுவார்கள், அல்லது பக்கத்து டவுனுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இந்த இடத்தில் தபால் ஆபீஸை மறக்காதீர்கள். தபால்காரர் போகாத கிராமம் கிடையாது. சின்னப் பெட்டிக்கு ஸ்பீடு போஸ்ட்தான் என் முதல் தேர்வு. பெரிய பெட்டிக்கு அங்கேயும் வால்யூமெட்ரிக் கணக்கு உண்டு என்பதைக் கவனத்தில் வையுங்கள். பழைய ரேட் அட்டையை நம்பவும் வேண்டாம். 2012-இல் வைத்த கட்டணம் பல வருஷம் அப்படியே இருந்ததால் அது பலருக்கு மனப்பாடம். 2025 அக்டோபர் 1 முதல் அது மாறிவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் இப்போது கவுன்ட்டரில் கேட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

பேரம் பேசும்போது வரும் சிக்கல் வேறு. வாங்குகிறவருக்கு அவசரம், மொத்தத் தொகை உடனே தெரிய வேண்டும். தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன் பில்டருக்காகப் பேசியது நினைவிருக்கிறது.

"அண்ணே, பார்சலோட சேத்து எவ்வளவு வரும்?"

"பின்கோடு அனுப்பு தம்பி. பெட்டி கட்டிட்டு நாளைக்குச் சொல்றேன்."

"சும்மா ஒரு உத்தேசமா சொல்லுங்கண்ணே, அப்பாட்ட கேக்கணும்."

"அறுநூத்தம்பதுலேர்ந்து தொளாயிரத்துக்குள்ள வரும். அதுக்கு மேல போனா என்னோடது. கம்மியா வந்தா உனக்குத் திருப்பி அனுப்பிடுவேன்."

அப்பாவிடம் கேட்க வேண்டிய பையனுக்கு ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் தெரிந்தால் போதும். மேல் எல்லையை மீறாமல் இருப்பது என் பொறுப்பு. அதனால் மேல் எல்லையைச் சொல்லும்போது கஞ்சத்தனம் காட்டமாட்டேன். பெட்டி ஒரு அளவு பெரிதாகிவிட்டால் எவ்வளவு ஆகும் என்று பார்த்து அந்தத் தொகையைச் சொல்வேன். சாமான் விலையையும் பார்சல் காசையும் எப்போதும் தனித்தனியாகத்தான் எழுதுவேன். "டெலிவரி ப்ரீ" என்று விலைக்குள் ஒளித்து வைப்பது கடைக்காரர்களுக்குச் சரி. ஒரே சாமானைக் கொடுங்கையூர்க்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் கேட்கும்போது, பக்கத்தில் இருக்கிறவர் ஏன் தூரத்தின் காசைக் கொடுக்க வேண்டும்?

ஆன்லைனில் புக் செய்து அனுப்பினால் இன்னொரு வேலை இருக்கிறது. கிடங்கில் மறுபடி அளந்து, எடை வித்தியாசம் என்று சொல்லிப் பத்து நாள் கழித்துக் காசைப் பிடிப்பார்கள். ஒருமுறை ஆறு கிலோப் பெட்டிக்கு ஒன்பது கிலோ போட்டார்கள். நான் பெட்டியை ஒட்டியதும் மூன்று பக்கமும் டேப்பை வைத்து எண் தெரிகிற மாதிரி படம் எடுத்திருந்தேன், தராசில் வைத்தும் ஒன்று. அனுப்பினேன், காசு திரும்பி வந்தது. அந்தப் படங்களையேதான் வாங்குகிறவருக்கும் அனுப்புகிறேன். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கண்ணால் பார்த்துவிட்டால் கேள்வியே வருவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்கு மேல் பாலிதீன் சுற்ற மறக்க வேண்டாம். எங்கள் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கிற நாளில் கூரியரை வரச் சொல்லவே கூடாது. பார்சல் குவிகிற தீபாவளிக்கு முந்தைய வாரமும் வரச் சொல்ல வேண்டாம்.

மீன் சாமானுக்குச் சொன்னது மற்றதுக்கும் பொருந்தும். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து, வியாசர்பாடியில் இருக்கிற என் நண்பனிடம் வெளியூர்ப் பையன்கள் பழைய மேட்ச் போர்டு கேட்கிறார்கள். ஆடுகிற பரப்பு மட்டும் 74 சென்டிமீட்டர், சட்டம் சேர்த்தால் 90 பக்கம் வரும். 94×94×9 என்று கட்டினால் பதினாறு கிலோக் கணக்கு. கேரம் போர்டை லாரியில் போடச் சொன்னேன், நாலு மூலைக்கும் தெர்மாகோல் நானே அறுத்துக் கொடுத்தேன். போர்டு நேராக நிற்கும்படி ஏற்றச் சொல்ல வேண்டும். படுக்கவைத்தால் மேலே மூட்டை ஏற்றிவிடுவார்கள், பலகை வளைந்தால் அப்புறம் எந்தக் காயும் நேராக ஓடாது.

இப்போது என்னிடம் கட்டித் தயாராக இருப்பவை: இரண்டடி எல்இடி லைட், மூன்றரைக் கிலோக் கணக்கு. ஒரு ரெகுலேட்டர், இரண்டு கிலோ. கேனிஸ்டர் பில்டர், கூடுதல் பெட்டி இல்லாமல் ஒன்பது கிலோ. ஒரு மூட்டை கல்லும் இருக்கிறது, அது சென்னைக்குள் மட்டும். வேண்டியவர்கள் பின்கோட்டோடு எழுதுங்கள். கிராமம் என்றால் பக்கத்து டவுன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், இரண்டுக்கும் விசாரித்துச் சொல்கிறேன்.